குண்டூசி போகாத சதுப்பு நிலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வீடியோ கேமை நான் பொழுதுபோக்குக்காக ஆட ஆரம்பிக்கவில்லை. கோபத்தில் ஆரம்பித்தேன்.

கண்ணில் அழுத்தம் கூடிக்கொண்டே போய், இடது கண் ஏறக்குறைய அணைந்துவிட்டது. வலது கண்ணில் நடுப்பகுதி மட்டும் தெரியும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எங்கே ஓடுகிறது என்று பிடிபடாமல் போன அன்றைக்கே எனக்குத் தெரியும், சலவைக்கடைப் பின்னறையில் என் தையல் மிஷினுக்கு வேறு ஆள் வந்துவிடுவாள் என்று. வந்துவிட்டாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது என்று வருஷக்கணக்காக நான் மிதித்த மிஷின். கடைக்காரர் என் தோளைத் தட்டி அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்தவர்களும் தோளைத் தட்டினார்கள். பரிதாபம் எனக்கு ஆகவே ஆகாது. யாரையாவது நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

எங்கள் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன கேம் பெட்டி, டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. அதற்குள் ஒரு கதை இருந்தது. ஒரு பெரிய நாடு. அதன் ஆறுகளையெல்லாம் வடக்கே ஒரு கோட்டையில் இருக்கும் அரக்க ராஜா ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டிருக்கிறான். நாம் வாளை எடுத்துக்கொண்டு போய் அவனை நிறுத்த வேண்டும். வழியில் யார் யாரோ கூடச் சேர்வார்கள், பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள். நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். கதாநாயகியை நாமே செய்துகொள்ளலாம் என்றதால் ஒல்லியாக, கூர் மூக்கோடு ஒருத்தியைச் செய்து, அவளுக்குக் குண்டூசி என்று பேர் வைத்தேன்.

வந்த சிக்கல் என்னவென்றால், கேம் நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊர் மொழியில் பேசியது. அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது நீளம், இடுப்பு, ஜிப், நாளைக்கு வாங்க, அவ்வளவுதான். பின்னறையில் மிஷின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கீழே ஓடும் எழுத்தும் என் கண்ணுக்கு எறும்பு வரிசையாகத்தான் இருந்தது. ஆகவே வாசித்துச் சொல்லும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

அவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வருவார். சாப்பிட்டுவிட்டு, விரல்களில் இன்னும் சில்லிப்புப் போகாமலே என் பக்கத்தில் உட்காருவார். பேச்சு அவருக்கு, சண்டை எனக்கு என்று ஏற்பாடு. யார் வாய் திறந்தாலும் அவர் தமிழில் சொல்வார். நான் என்ன பதில் சொல்லலாம் என்று இரண்டு மூன்று வரிகள் வரும்; அதையும் சொல்வார், நான் ஒன்றைப் பிடிப்பேன். சண்டை வந்துவிட்டால் எனக்குத் தெரியாத ஓரங்களையெல்லாம் அவர்தான் பார்க்க வேண்டும்.

“இடது பக்கம்! இடது பக்கம் ஒருத்தன் வர்றான்! ஐயோ, அந்தப் பக்கம் இல்லம்மா!”

“நீங்க கத்துறதுலயே நான் செத்துடுவேன் போலிருக்கு. மெதுவா சொல்லுங்க.”

சந்தோஷமாகத்தான் இருந்தோம். இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தது அப்போதுதான்.

சொந்தக்காரர்கள் அவரைப் பஞ்சு என்பார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பேரல்ல. யார் என்ன சொல்லி அனுப்பினாலும் பஞ்சில் சுற்றித்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். என் அண்ணன் மூக்குக்கு மேல் கோபம் வந்து, “அந்தத் தடியன் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பினால், அது என் நாத்தனார் வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும்போது, “கொஞ்ச நாள் கழிச்சு வந்தா நல்லாருக்கும்னு மச்சான் நெனைக்கிறாரு” என்று ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் இவருக்கு நல்ல பேர். அவர்கள் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை, இவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

கேமிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு கோட்டை வாசலில் காவலாளி ஒருத்தன் குண்டூசியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

“என்ன சொல்றான்?”

“உள்ள விட முடியாதாம். அவனுக்கும் வருத்தமா இருக்காம்.”

“வருத்தப்படறவன் இப்படியா கத்துவான்? கரடி விடாம சொல்லுங்க.”

அவர் காதைச் சொறிந்தார். “நாயே, பிச்சைக்காரின்னு ஏதேதோ சொல்றான். அதெல்லாம் உனக்கெதுக்கு?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அந்தக் காவலாளியை ஒரு வழி பண்ணிவிட்டு உள்ளே போனேன். இனிமேல் திட்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவரும் சரி சரி என்றார்.

குண்டூசியோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தன் கேடயம் தூக்கும் தடியன். பீப்பாய் என்று கூப்பிடுவோம். இன்னொருத்தி வைத்தியக்காரி. அவள் இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்ன மருந்து சீசாக்கள் தொங்கும். நடந்தால் அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். அவளுக்குச் சீசாக்காரி என்று பேர். எனக்கு உருவங்களைவிடச் சத்தம்தான் துணை. பின்னால் அந்தக் கிணுகிணுப்பு கேட்டால் தைரியமாக முன்னால் போவேன். அடிபட்டால் வந்து மருந்தூற்றுவாள். ஊற்றும்போதே ஏதாவது குத்தலாகச் சொல்வாள். வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரியும். என் ரகம் அவள்.

ஓநாய்க் கூட்டத்தோடு ஒரு பெரிய சண்டை வந்தது. தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். அதற்குப் பிறகு கூடாரத்தில் தீ மூட்டி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சீசாக்காரி பேச ஆரம்பித்தாள். நெடுநேரம் பேசினாள். குத்தல் இல்லை, கேலி இல்லை. குரல் தாழ்ந்து தாழ்ந்து போய் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. பீப்பாய் ஏதோ சொல்ல வந்து, அவனும் பாதியில் விட்டான்.

என் வீட்டுக்காரர் ஒரு வரியும் தமிழில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம் அவளுக்கு?”

“தோள் வலியாம். குளிர் ஒத்துக்கலையாம்.”

“இவ்வளவு நேரம் பேசினது தோள் வலியா?”

“வயசாச்சில்ல, பொலம்பறா. இங்க பாரு, கேள்வி வந்துடுச்சு. நேரா வடக்க போலாமா, இல்ல மேக்க சதுப்பு நெலத்தைச் சுத்திக்கிட்டுப் போலாமான்னு கேக்குது.”

“சதுப்பு நெலத்துல என்ன இருக்கு?”

“என்ன இருக்கும், சேறுதான் இருக்கும்.”

வேலை மெனக்கெட்டு எவள் சேற்றுக்குப் போவாள்? வடக்கே போகலாம் என்றேன். அவர் பொத்தான் எது என்று காட்டினார், நான் அழுத்தினேன்.

மலையடிவாரத்து ஊரைத் தாண்டியதும் கிணுகிணுப்பு நின்றுபோனது. முதலில் டிவி சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். பீப்பாயின் இரும்புச் செருப்பு கேட்டது, குண்டூசியின் மூச்சு கேட்டது. சீசா மட்டும் இல்லை.

“சீசாக்காரி எங்கங்க?”

“அந்த ஊர்லயே தங்கிட்டா. ரெஸ்ட் எடுக்கட்டுமே. அப்பறமா வந்து சேந்துக்குவா.”

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் குண்டூசியைத் திருப்பிக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தள்ளிப் பார்த்தேன். கிணற்றடியில் ஒரு கற்சிலை நின்றது. ஓரம் தெரியாத கண்ணோடு அதன்மேல் போய் முட்டிக்கொண்டேன். நகர்ந்து சுற்றி வந்து, மறுபடியும் முட்டினேன். “நடுவழியில கொண்டுவந்து சிலைய வெச்சிருக்கான் பாரு” என்று திட்டினேன். அவர் பக்கத்தில்தான் இருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைக்குப் போயிருந்தபோது மகள் போன் பண்ணினாள். அவளுக்கு அம்மா கேம் ஆடுவது பெரிய வேடிக்கை. கதை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

“சீசாக்காரி ஊர்ல தங்கிட்டாளாம்டி. எப்பத்தான் திரும்பி வருவா? அவ இல்லாம அடி தாங்கலை.”

“தங்கிட்டாளா? எந்த ஊர்லம்மா?”

“மலைக்குக் கீழ, ஒரு கிணறு இருக்குமே.”

“அம்மா, நீ சதுப்பு நெலத்துக்குப் போகலையா?”

“அங்க சேறுதானே இருக்கு?”

“என்னம்மா நீ! அவதான் அவ்வளவு நேரம் சொல்லுவாளே. ஓநாய் கடிச்ச எடத்துலேருந்து ஒடம்பு கல்லாயிட்டே வருது, தோள் வரைக்கும் வந்துடுச்சு, தொண்டைக்கு வந்துட்டா முடிஞ்சு போச்சு. சதுப்பு நெலத்துல ஒரு வேர் இருக்கு, அதை இப்பவே குடிச்சா அதோட நிக்கும். ஆனா குடிச்ச ஒடனே சாகவும் வாய்ப்பிருக்கு. போலாமா வேணாமான்னு உன்னைக் கேப்பா. அந்த எடத்துல நான் எப்படி அழுதேன் தெரியுமா? நீ வடக்க போயிட்டதால அவ கல்லாயிட்டாம்மா. கிணத்துக்கிட்ட நிக்கறது அவதான். அப்பா வாசிச்சுச் சொல்லலையா?”

அப்பா ஏதோ அவசரத்தில் விட்டுவிட்டிருப்பார் என்று சொல்லி போனை வைத்தேன். அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாய் தானாகவே முந்திக்கொண்டது. அதுவும் ஒரு பஞ்சுதான்.

வைத்த பிறகுதான் எரிந்தது. நான் முட்டி முட்டித் திட்டியது அவளையா? பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாரே மனிதர். திட்டை மறைத்தார், சரி, அது அவர் சுபாவம். ஆனால் கேமில் ஒரு நோயாளி பேசுவதை எதற்கு மறைக்க வேண்டும்? யாருக்கு மனசு நோகும்? சீசாக்காரி என்ன என் கூடப் பிறந்தவளா? என்று கேட்டுக்கொண்டே போனேன்.

கண் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் பேசினார். பிளாஸ்டிக் கண் ஒன்றைத் திறந்து காட்டினார். நடுவில் குரலைத் தாழ்த்தினார். எல்லாம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னது ஒரே வரி: “ஒண்ணும் பயமில்லையாம், சொட்டு மருந்த விடாம போடணுமாம்.” பிறகு டாக்டர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். “மருந்து எரியுதான்னு கேக்கறாரு” என்றார் இவர். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். டாக்டரின் முகம் வாடியது. மருந்து எரியவில்லை என்றால் டாக்டருக்கு என்ன வருத்தம் என்று அன்றைக்கு நினைத்தது அப்படியே நினைவில் இருக்கிறது.

கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வருவதற்குள் கேமைப் போட்டேன். ஆட்டத்தை அங்கங்கே சேமித்து வைக்கலாம், அந்த இடத்திலிருந்து திரும்ப ஆடலாம். டிவியில் மூக்கு இடிக்க நின்று, வரிசையாக இருந்த சின்னப் படங்களில் கூடாரத் தீயைத் தேடிக் கண்டுபிடித்தேன். காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர், திரையில் சீசாக்காரியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உக்காருங்க. வாசிங்க.”

“இது முடிஞ்சு போன எடம்தானேம்மா.”

“வாசிங்க. ஒரு வார்த்தை விடக் கூடாது. சேக்கவும் கூடாது.”

அவருக்குப் புரிந்துவிட்டது. பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்தார். சீசாக்காரி பேசப் பேச நான் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

“கல் தோள் வரைக்கும் வந்துடுச்சு… தொடறது தெரியலை. நான் வைத்தியக்காரி, எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேணாம்… அந்த வேர் என்னைக் காப்பாத்தலாம், கொல்லவும் கொல்லலாம். ஆனா நாள் கடந்துட்டா அந்த ரெண்டும் கெடையாது.” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். பதில் வரிகளையும் வாசித்தார்.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

“இப்ப டாக்டர் சொன்னதை இதே மாதிரி வாசிங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். இடது கண் போனது போனதுதானாம். வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணலாமாம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். ஆனால் நோய் முற்றியிருப்பதால், ஆபரேஷனிலேயே இருப்பதும் போய்விடும் அபாயம் உண்டாம். பண்ணாமல் விட்டாலும் மெல்ல மெல்லப் போகும். தள்ளிப்போடாமல் முடிவு பண்ணச் சொன்னாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலை. டாக்டர் உன்கிட்டதான் கேட்டாரு.”

“என்கிட்ட என்ன கேட்டாரு?”

“ஆபரேஷன் பண்ணிக்கறீங்களான்னு.”

“அதை என்கிட்ட எப்படிச் சொன்னீங்க?”

பை அவர் மடியிலிருந்து நழுவித் தக்காளி தரையில் ஓடியது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“மருந்து எரியுதான்னு சொன்னேன். நீ இல்லைன்னு தலையாட்டின. அவருக்கு அது போதுமாயிருந்துச்சு. பயப்படறாளான்னு கேட்டாரு. ஆமா, ரொம்பப் பயப்படறான்னு சொன்னேன்.”

என் தலையை என் கழுத்தின்மேல் வைத்தே இந்த மனிதர் என் காதுக்கு வராத கேள்விக்கு ஆட்டியிருக்கிறார்.

“இருக்கறதும் போயிடும்னு சொன்னாரும்மா” என்றார். “அப்படிப் போயிட்டா, இந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன் முன்னாடி எப்படி நிப்பேன்? மெதுவா போனா, கொஞ்ச நாளாவது நீ என்னைப் பாப்ப, நான் உன்னைப் பாப்பேன். அதான்.”

“பயந்தது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அதைத்தானே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்? என் பேர்ல எதுக்கு எழுதினீங்க?”

அவர் அழுதார். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து இடது பக்கம், இடது பக்கம் என்று கத்தினாரே, அந்த மனிதரையும் சேர்த்தே வெறுத்தேன். ஆனாலும் தக்காளி மிதிபடப் போகிறதே என்று அவர்தான் கடைசியில் எழுந்து பொறுக்கினார். என் கண்ணுக்கு அவை எங்கே கிடக்கின்றன என்று தெரியவில்லை.

மறுநாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு இல்லாமல் சொன்னேன். அவள் அப்பாவைப் பிடித்துக் காய்ச்சினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கினாள். மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியே போனில் ஆள் ஏற்பாடு பண்ணுமாம், கேட்டால் கொடுப்பார்களாம். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. புருஷன் கூடவே வருகிறார், நன்றாகப் பேசுகிறார், பிறகெதற்கு?

அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை நான், விழுந்து தொலைக்க எனக்கென்ன பைத்தியமா? டாக்டரின் அறை வாசல் வந்ததும், “இங்கயே உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். கதவைத் தடவி நானே திறந்துகொண்டு போனேன்.

மேஜைமேல் ஒரு போன் இருந்தது. அதிலிருந்து ஒரு பெண் பேசினாள். உப்புச்சப்பில்லாத குரல்.

“வணக்கம்மா. டாக்டர் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன். நீங்க சொல்றதை அப்படியே அவருக்குச் சொல்லுவேன். நடுவுல நானா எதுவும் சேக்க மாட்டேன், எதையும் விட மாட்டேன். சரிங்களா?”

இதைவிட இனிப்பான பேச்சை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், அழுத்தத்தை அளந்தார், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேசினார். அவள் சொன்னாள்: “அன்னைக்கே செஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் அதிகமா காப்பாத்தியிருக்கலாம். இப்ப மிச்சம் இருக்கறது கம்மி. ஆபரேஷன் பண்ணா அது நிக்கலாம். மொத்தமா போகவும் செய்யலாம். பண்ணலைன்னா நிச்சயமா போயிடும்.”

கேட்டேன். ஒரு வார்த்தைகூட மெத்தென்று இல்லை. எல்லாம் கல்லாக வந்து விழுந்தது. விழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“போன தடவை வேண்டாம்னு தலையாட்டினீங்களே, இப்ப ஏன் மனசு மாறிச்சுன்னு டாக்டர் கேக்கறார்” என்றாள் அவள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. குளிர் கிடங்கு இருமல், எனக்குத் தெரியாததா?

“மாறலைன்னு சொல்லுங்க. போன தடவை என்னை யாரும் கேக்கலைன்னு சொல்லுங்க.”

அவள் சொன்னாள். டாக்டர் நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டார். அவர் முகம் என் குழாய்க்குள் முழுசாக வந்து நின்றது. பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

“உங்களுக்குப் பயமா இருக்கான்னு கேக்கறார்.”

“இருக்கும்மா. ராத்திரியெல்லாம் தூங்கலை. அதையும் அப்படியே சொல்லுங்க. சொல்லிட்டு, ஆபரேஷன் என்னைக்குன்னு கேளுங்க.”